சாய்தளம்: விருந்தினருக்கா, அனைவருக்குமா?

புது தில்லி: இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 2001 ஜனவரியில் தில்லிக்கு வந்தபோது, குதுப் மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் அவசர அவசரமாக மரப்பலகைகளால் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. சக்கர நாற்காலியில் வரும் உலகப் புகழ் பெற்ற விருந்தினருக்காகச் செய்யப்பட்ட தற்காலிக ஏற்பாடு அது. அதற்கும்கூட ஜாவேத் அபிதி போன்றவர்கள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. அபிதியும் சக்கர நாற்காலியில் நடமாடியவர்தான். மாற்றுத் திறனாளிகள் உரிமை இயக்கத்தின் முன்னோடி.

ஹாக்கிங், அபிதி இருவருமே 2018 மார்ச் மாதத்தில் சில நாள் இடைவெளியில் காலமாகிவிட்டனர். ஆனால், அந்த மரப்பலகைகள் எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது. பொது இடத்தில் சாய்தளம் என்பது வருபவரின் புகழைப் பொறுத்ததா, அவருடைய உரிமையைப் பொறுத்ததா?

இக்கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவை பல்கலைக்கழகங்கள். அதிலும், வெளியூர் அறிஞர்களின் வருகையை நம்பி இயங்கும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், சித்தூர் மாவட்டத்தில், ஆந்திர சட்டப்பேரவை இயற்றிய சட்டத்தின் மூலம் 1997-ல் உருவானது இப்பல்கலைக்கழகம். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி குப்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் உள்ளிட்ட திராவிட மொழிகளை ஒரே வளாகத்தில் ஆராய்வது அதன் நோக்கம். கருத்தரங்கு, வாய்மொழித் தேர்வு, நூலக ஆய்வு என்று வெளியிலிருந்து வருபவர் இல்லாமல் அந்த நோக்கம் நிறைவேறாது.

"நிவாரணம்' முதல் உரிமை வரை:

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 9-வது இனம் "உடல் ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் நிவாரணம்' பற்றியது. உதவி என்ற நோக்கில் எழுதப்பட்ட சொல் அது. 1995 டிசம்பரில் அபிதி உள்ளிட்டோர் தில்லியில் நடத்திய போராட்டத்தை அடுத்து, அந்தக் கூட்டத்தொடரிலேயே நாடாளுமன்றம் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால், கட்டடங்களில் வசதி செய்யும் கடமைக்கு "பொருளாதாரத் திறனுக்கு உள்பட்டு' என்ற நிபந்தனையையும் அச்சட்டம் சேர்த்திருந்தது. "நிதி இல்லை' என்ற பதிலுக்கு அது இடம் கொடுத்தது.

மாற்றுத் திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2016-ம் ஆண்டுச் சட்டம். ரூபாய் நோட்டு விவகாரத்தால் முடங்கிக் கிடந்த அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில், மாநிலங்களவையில் டிசம்பர் 14-ம் தேதியும், மக்களவையில் 16-ம் தேதியும் கட்சி வேறுபாடின்றி மசோதா நிறைவேறியது.

கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் அனைவரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 16-வது பிரிவு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்குகிறது 32-வது பிரிவு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45-வது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். கெடு 2022-ல் முடிந்துவிட்டது.

நீதிமன்றம் சொன்னது:

உயர்கல்வி நிறுவனங்களின் நிலை குறித்து மாற்றுத் திறனாளிகள் அமைப்பு தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2017 டிசம்பர் 15-ம் தேதி தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கான நெறிமுறைகளைப் பரிசீலிக்க வேண்டும் என அது பணித்தது. 2022-ல் யுஜிசியின் நெறிமுறைகள் வந்தன.

அடுத்து 2024 நவம்பர் 8-ம் தேதி, பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடர்ந்த வழக்கில் முக்கியத் தீர்ப்பு வெளியானது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக மாற்ற முடியாது என்று கூறிய அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2017 விதிகளின் 15(1)-வது விதி சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. தளர்த்த முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதங்களில் கட்டாய விதிகளாக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஓரிடத்தில் அறுந்தால்...

ஒரு கருத்தரங்குக்குச் சக்கர நாற்காலியில் வருபவரின் பாதை ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. நடைமேடை, சாலை, நுழைவாயில், அரங்கு, மேடை, கழிப்பறை, விருந்தினர் இல்லம் என அது நீள்கிறது. இதில் ஓரிடம் அறுந்தாலும் மற்ற ஏற்பாடுகள் வீணாகிவிடும். வாயிலில் சாய்தளம் இருந்தும் கழிப்பறைக் கதவு குறுகலாக இருந்தால், காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு. ஓரடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி உயர மேடைக்கு 36 அடி. இதைவிடச் செங்குத்தாக அமைத்தால், பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டியிருக்கும். இறங்கும்போது நாற்காலி உருண்டுவிடும் ஆபத்தும் உண்டு. கதவின் அகலம் 900 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். உயர்ந்த மேடைக்கு நீண்ட சாய்தளம் கட்ட இடமில்லையெனில், மேடையைத் தாழ்த்துவதே எளிது.

சாய்தளத்தோடு கடமை முடிந்துவிடுவதில்லை. செவித்திறன் குறைந்தோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை. பார்வையற்ற ஆய்வாளர் கணினியின் திரைவாசிப்பான் மென்பொருள் மூலமே கட்டுரைகளைப் படிக்கிறார். நகலெடுத்துப் படமாக அனுப்பும் பக்கங்களையோ, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், தெலுங்குக் கட்டுரைகளையோ அம்மென்பொருளால் சரியாக வாசிக்க இயலாது. மொழிகளுக்கான பல்கலைக்கழகத்தில் இது சிறிய குறையல்ல.

செலவா, மனமா?:

நிதி ஒதுக்கீட்டுக்கு மாநில அரசை எதிர்நோக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மின்தூக்கி அமைப்பது சுமைதான். ஆனால், அமர்வைத் தரைத்தளத்தில் நடத்துவதற்கும், கட்டுரைகளை யூனிகோடில் கேட்டுப் பெறுவதற்கும், அழைப்பிதழிலேயே "தங்களுக்குத் தேவையான வசதி என்ன?' என்று விசாரிப்பதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

சென்னை மெரினா இதற்கு ஓர் உதாரணம். ஆண்டுதோறும் டிசம்பர் 3-ம் தேதியையொட்டித் தற்காலிகப் பாதை மட்டுமே அங்கு போடப்பட்டு வந்தது. நீண்ட நாள் கோரிக்கைக்குப் பிறகு 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது. அமைப்பது மட்டுமல்ல, பராமரிப்பதும் கடமை என்பதை அந்தப் புயல் உணர்த்தியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் ஹாக்கிங்கைப் போலப் பெயர் பெற்றவர்கள் மிகச் சிலரே. சாதாரண ஆய்வு மாணவர் ஒருவர், நான்கு பேர் தன்னை நாற்காலியோடு தூக்கிச் செல்ல நேராமல், தானே மேடையேறிக் கட்டுரை வாசிக்க முடிகிறதா என்பதே, குப்பமாயினும் தில்லியாயினும், பல்கலைக்கழகங்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.