இயற்கைப் பேரிடரும் வானூர்திப் பயணிகளின் உரிமைகளும்

வெள்ளம், புயல், எரிமலைச் சாம்பல் போன்றவற்றால் வானூர்திச் சேவை இரத்தாகும்போது பயணிக்குச் சட்டப்படி உரியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டு

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் சென்னை வானூர்தி நிலையத்துள் புகுந்தது. நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில பயணிகள் வானூர்திகள் இயக்கப்பட்டன.

இந்திய விதிகள்

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் 2010 ஆம் ஆண்டு விதிகளின்படி, பேரிடரால் சேவை இரத்தானால் நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டியதில்லை. எனினும் தக்க நடவடிக்கைகள் எடுத்தும் தவிர்க்க இயலாத நிகழ்வாக அது இருத்தல் வேண்டும். இழப்பீடு வேறு, கட்டணத்தைத் திருப்பித் தருதல் வேறு. மாற்றுப் பயணம் அல்லது கட்டணம், இரண்டில் ஒன்றைப் பயணி பெறலாம். பணத்திற்கு மாற்றாக வரவுச்சீட்டை ஏற்குமாறு பயணியைக் கட்டாயப்படுத்த இயலாது.

ஐரோப்பிய ஒன்றியம்

இங்கும் பேரிடருக்கு இழப்பீடு இல்லை. ஆனால் காத்திருப்போருக்கு உணவும் தங்குமிடமும் தரப்பட வேண்டும். 2010 ஐசுலாந்து எரிமலை வெடிப்புக்கும் இது பொருந்தும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது.

முறையீடு

2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சிவகாசி அருகிலுள்ள நாரணாபுரத்தில் வாழ்பவர், சென்னையில் இரத்தான பயணத்திற்கு விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பயணச்சீட்டும் இரத்து அறிவிப்பும் முதன்மைச் சான்றுகள் ஆகும்.