விடுதலை முத்திரையும் மடிக்கணினியின் உள்ளமைப்பும்

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2015-ஆம் ஆண்டு கைபேசிகளைப் பொருத்தும் பணி தொடங்கிற்று. அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ரேணிகுண்டாப் பகுதியிலும் மின்னணு உற்பத்தித் தொகுப்பு உருவாயிற்று. ஒரு கருவி எங்கே பொருத்தப்படுகிறது என்பது வேலைவாய்ப்பைச் சார்ந்த வினா. அது யாருடைய கட்டளைக்குப் பணிகிறது என்பது முற்றிலும் வேறானது. "கட்டற்ற மென்பொருளுக்கு உகந்தது" என்னும் விளம்பரத்துடன் மடிக்கணினிகள் விற்கப்படும் இந்நாளில், கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் அவற்றை வாங்குவோர் இவ்விரண்டாம் வினாவையே எழுப்ப வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்பது விலையில்லா மென்பொருள் அன்று. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்திலிருந்து வளர்ந்த இக்கருத்து, நிரலை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பகிரவும், மாற்றிய வடிவத்தை வெளியிடவும் பயனருக்கு உரிமை உண்டு என்கிறது. விலையில்லாமையும் விடுதலையும் ஒன்றல்ல என்பதற்கு அண்டை மாநில அனுபவமே சான்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒருங்கே இடம்பெற்றன. ஒன்றன் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம்; மற்றதை இயலாது.

ஆயினும் இயங்குதளத்தை மாற்றுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. கணினியை எழுப்பும் பயாஸ், கம்பியில்லா இணைப்பு அட்டைக்கான ஃபர்ம்வேர் ஆகியன பெரும்பாலும் மூலநிரல் வெளியிடப்படாதவை. இதனால்தான், கட்டற்ற நிரல்களில் கண்டிப்புடைய டெபியன் அமைப்பும் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பின் நிறுவு வட்டில் இத்தகைய ஃபர்ம்வேரைச் சேர்த்தது. நடைமுறைக்கு இது வசதிதான், கொள்கைக்கு விட்டுக்கொடுத்தல்.

இவற்றினும் ஆழத்தில் இருப்பது இன்டெல் சில்லுகளின் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்'. தனிச் செயலியாக இயங்கும் இதன் நிரல் இன்டெலின் கையொப்பம் பெற்றிருந்தாலன்றி ஏற்கப்படாது. உரிமையாளர் அதனைத் திருத்த வழியில்லை. இதன்மேல் இயங்கும் தொலைநிர்வாக வசதியில் பல்லாண்டுகள் மறைந்திருந்த பாதுகாப்புக் குறை 2017 மே மாதம் வெளியாயிற்று. ஆகவே இது வெறும் தத்துவச் சர்ச்சை அன்று.

அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் 2014 முதல் விடுதலையை முன்னிறுத்தித் தன் லிப்ரெம் மடிக்கணினிகளை விற்று வந்தது. முதலில் வந்தவற்றில் வழக்கமான மூடிய பயாஸே இருந்தது, குறைகூறல்கள் எழுந்தன. 2017-இல் கோர்பூட் இடம்பெற்றது. மேனேஜ்மென்ட் எஞ்சினும் செயலிழக்கச் செய்யப்பட்டது. எனினும் நினைவகத்தைத் தொடக்கிவைக்க இன்டெலின் மூடிய நிரல்பகுதி தேவைப்பட்டது. முன்னேற்றம் மெய்யே; முழுமை எனல் மிகை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 'உங்கள் விடுதலையை மதிக்கிறது' என்னும் சான்றிதழை 2013-இல் பெற்ற மடிக்கணினி பழைய திங்க்பேட் எக்ஸ்60. அதாவது புதுப்பிக்கப்பட்ட 2006-ஆம் ஆண்டுப் பொருள்! அச்சான்றிதழுங்கூட, பயனர் மாற்றவியலாத துணைச் செயலிகளின் உள்நிரலுக்கு விலக்களிக்கிறது.

எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர் "லினக்ஸ் இயங்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. பயாஸின் மூலநிரல் கிடைக்குமா, கம்பியில்லா அட்டையை மாற்ற இயலுமா, தொடக்கப் பாதுகாப்புத் திறவுகோல்களை உரிமையாளரே பதிக்கலாமா, மேனேஜ்மென்ட் எஞ்சின் எந்நிலையில் வழங்கப்படும் என்பவற்றுக்கு எழுத்து மூலம் விடை கோரலாம்.