அபின் இனப் போதையும் அதனை விடுவோர்க்குரிய மருந்துகளும்

நோவைத் தணிப்பதில் அபினுக்கு ஒப்பான மருந்து அரிது. மனிதனை அடிமை கொள்வதிலும் அதற்கு ஒப்பானது அரிதே. எமது அடுக்களையிற் காணும் கசகசா எச்செடியின் விதையோ, அச்செடியின் முற்றாத காயைக் கீற வடியும் பாலே உலர்ந்து அபினாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சேர்ட்டுர்னர் என்னும் ஜேர்மானியர் அப்பாலிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். 1874இல் இலண்டனில் ஆல்டர் றைட் என்பார் மோர்பினிலிருந்து புதியதொரு பொருளை ஆக்கினார். 1898இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தார் அதனை ஹெரோயின் என்னும் பெயரால் இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். மருந்தென வந்தது பின்னர் உலகெங்கும் குடும்பங்களைக் குலைக்கும் நஞ்சாயிற்று. எமது நாட்டிலும் இத்தகைய பொருள்களை அடக்குதற்கென 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்படலாயிற்று.

இப்பழக்கத்தை விட முயல்வோர் படும் உபாதை யாது, அதனைத் தணிக்கும் மருந்துகள் எவை, அவற்றால் ஆவதும் ஆகாததும் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உபாதை எழும் காரணம்

மூளையின் நரம்புக்கலங்களில் அபின் இனப் பொருள்கள் வந்து பொருந்துதற்குரிய வாங்கிகள் உள என்பது 1973இல் நிறுவப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் அபடீன் நகரிலே ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், உடல் தானே சுரக்கும் அத்தகைய பொருள்களைக் கண்டறிந்தனர். வெளியிலிருந்து நாள்தோறும் அபின் இனப் பொருள் வருமாயின் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக் கொள்கின்றது. மூளைத்தண்டிலே நோரதிரினலினைச் சுரக்கும் கலக்கூட்டம் ஒன்றுண்டு. போதைப்பொருள் அதனை அமுக்கி வைக்க, அதுவும் ஈடுகொடுத்து மேன்மேலும் முனைந்து நிற்கும். பொருள் திடீரென நின்றவிடத்து, அமுக்கிய கையை எடுத்த வில்லுக்கம்பி போல அக்கூட்டம் துள்ளி எழுகின்றது. வியர்வை, நடுக்கம், மயிர்க்கூச்சு, நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை ஆகியன இதனால் விளைவன. தசைநோவும் வாந்தியும் வயிற்றோட்டமும் உடன் சேரும்.

ஹெரோயினை விட்டவருக்கு இவ்வுபாதை 8 முதல் 24 மணி நேரத்துள் தொடங்கி, 4 முதல் 10 நாள்வரை நீடிப்பது வழக்கம். ஆகவே, இத்துன்பம் மனவுறுதியின்மையின் அடையாளமன்று. உடலின் இயல்பான எதிர்வினையே. நோயுற்றவனை நடிக்கின்றான் என்று ஏசுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

வைத்தியர் கையிலுள்ள மருந்துகள்

இவை இருவகைப்படும். முதல்வகையின அதே வாங்கிகளிற் பொருந்துவன. மெதடோன் நெடுநேரம் உடலில் நிற்பதால் நாளொன்றுக்கு ஒருமுறை கொடுத்தல் பெரும்பாலும் போதும். நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவர் இம்முறையின் பயனை 1965இல் வெளியிட்டனர். புப்ரினோர்பின் என்பது வாங்கியை இறுகப் பற்றும்; ஆயினும் அரைகுறையாகவே தூண்டும். ஆதலின் அது தனித்துக் கொடுக்கப்படும்போது, சுவாசத்தை ஓரளவுக்கு மேல் ஒடுக்குவதில்லை. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

இரண்டாம் வகையின அபின் இனத்தைச் சாராதவை. இரத்த அமுக்கத்துக்கு வழங்கப்பட்ட குளோனிடின், நோரதிரினலின் சுரப்பைத் தணிப்பதால் இவ்வுபாதையையும் தணிக்கும் என்று 1978இல் அமெரிக்க யேல் பல்கலைக்கழக வைத்தியர் அறிவித்தனர். அதன் இனத்ததாகிய லொபெக்சிடின் 2018இல் அந்நாட்டில் இதே நோக்கத்துக்கு அங்கீகாரம் பெற்றது. இவை இரத்த அமுக்கத்தைக் குறைத்து மயங்கி விழச் செய்யக்கூடுமாதலின், வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

தாமே வாங்கி உட்கொள்வன

விற்றமின் குளிசைகளும் மூலிகைத் தூள்களும் இத்துன்பத்தைப் போக்குமென்று விற்கப்படுகின்றன. ஊட்டங் குன்றிய உடலுக்கு விற்றமின் நன்றே. எனினும், அது விடுகை உபாதையைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் இழந்த நீரையும் உப்பையும் ஜீவனி போன்ற கரைசலால் ஈடுசெய்தல், இத்தூள்கள் அனைத்தினும் பயனுடைத்து. நீரிழப்பே சிலருக்கு உயிராபத்தாய் முடிவதுண்டு. தாய்லாந்து, மலேசியா நாடுகளில் வளரும் கிராட்டம் என்னும் மரத்தின் இலையும் இவ்வாறே புகழப்படுகின்றது. அதன் சாரமோ அபின் இன வாங்கிகளிலேயே தொழிற்பட்டு, மற்றோர் அடிமைத்தனத்தை உண்டாக்கவல்லது. வயிற்றோட்டத்துக்குரிய லோப்பரமைட்டை அளவுக்கு மிஞ்சி விழுங்குவோர் இதயத்துடிப்புக் குலைந்து இறத்தலுங் கூடும். புப்ரினோர்பினைத்தானும் ஹெரோயின் உடலில் மிகுந்திருக்கும்போது உட்கொண்டால், தணியவேண்டிய உபாதை உடனே பன்மடங்காகப் பொங்கும். கர்ப்பிணிகள் திடீரெனப் பழக்கத்தை நிறுத்துதல் சிசுவுக்கும் கேடாகலாம். அவர்க்கு மெதடோனோ புப்ரினோர்பினோ கொடுத்தலே வைத்தியர் கைக்கொள்ளும் முறை.

உபாதை நீங்கிய பின்

யாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: உபாதை நீங்குதல் நோய் நீங்குதலன்று. பத்து நாளில் உடல் தேறியதும் வீட்டார் மகிழ்ந்து, மைந்தன் மீண்டான் என்று ஓய்ந்துவிடுகின்றனர். பேராபத்து அப்போதே தொடங்குகின்றது. பொருளை விட்டிருந்த நாள்களில் உடல் அதனைத் தாங்கும் வலிமையை இழந்துவிடுகின்றது. ஏக்கமோ அழிவதில்லை. முன்னர் நாள்தோறும் எடுத்த அளவையே ஒருமுறை மீண்டும் எடுப்பானாயின், சுவாசம் அடங்கி இறக்க நேரிடும். சிகிச்சை நிலையத்தையும் சிறைச்சாலையையும் விட்டு வெளிவந்த முதல் வாரங்களிலே இத்தகைய மரணங்கள் மிகுதல் பல நாடுகளிற் கண்டறியப்பட்ட உண்மை.

இதனாலேயே மெதடோனையும் புப்ரினோர்பினையும் சில நாளுக்கன்றி, மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் கொடுக்கின்றனர். ஒரு போதைக்கு மறுபோதை என்று இதனை இகழ்தல் தகாது. இச்சிகிச்சையில் நிலைத்திருப்போரிடையே மரணம் பெரிதுங் குறைகின்றது. முற்றாக விட்டவர்க்கு, வாங்கிகளை அடைத்து நிற்கும் நால்ட்ரெக்ஸோன் என்னும் மருந்தும் உண்டு. அளவு மிஞ்சிச் சுவாசம் அடங்குவோனை நலொக்சோன் மீட்கவல்லது; எனினும் அதன் பயன் சிறிது நேரமே நிற்குமாதலின், அவனைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். முன்னைய மூன்றும் இந்நோய்க்கு இன்று கிடைத்துள. குறைவுபடுவது நான்காவதே. ஒழுக்கங்கெட்டவன் என்று ஊர் ஒதுக்கிய இளைஞன், தன்னை ஒதுக்காத கூட்டத்தையே மீண்டும் நாடுகின்றான். பழைய மாணவருள் வைத்தியர் உளர், ஆசிரியர் உளர், தொழில் வழங்கும் நிலையில் உள்ளாரும் உளர். மீண்டு வருவோன் ஒருவனுக்கு வேலையும் மரியாதையும் பேச்சுத்துணையும் கொடுத்தல் எவர்க்கும் இயல்வதே. மாணவர்களும், தோழனொருவன் இவ்வலையிற் சிக்கினானென அறியின், அதனை மறைத்து வையாது ஆசிரியர்க்கோ வைத்தியர்க்கோ உரைப்பாராக. அது காட்டிக்கொடுத்தலன்று, காத்தலேயாம்.