புனேயின் பேட்டைகளில் நடப்பவர்கள்

புனேயின் பழைய நகரம் முட்டா ஆற்றின் வலக்கரையில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஷனிவார் வாடா கோட்டை வரை ஆட்டோவில் வந்துவிடலாம். அதற்குமேல் நடப்பதுதான் நல்லது. அங்கிருந்து மண்டை சந்தை வரையுள்ள சந்துகள் கார்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. மாட்டுவண்டியும் பல்லக்கும் போன காலத்து அகலம்தான் பலவற்றுக்கு இன்றும் இருக்கிறது. வீட்டுத் திண்ணையும் கடைப்படியும் நடப்பவரின் தோளுக்கு அருகிலேயே வந்துவிடும். வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்வது இங்கே இவ்வளவு இயல்பாக இருப்பதற்கு மனிதர்களின் குணத்தோடு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

நகரின் பகுதிகளை மராட்டியில் 'பேட்' என்பார்கள், நம் பேட்டைதான். சோம்வார், மங்கள்வார், புத்வார் என்று ஏழு கிழமைகளின் பெயரிலும் ஏழு பேட்டைகள் உண்டு. சதாசிவ பேட்டைக்கு 1761-ஆம் ஆண்டு பானிபட் போரில் மாண்ட மராட்டியத் தளபதி சதாசிவராவ் பாவுவின் பெயர். எல்லாவற்றுக்கும் மூத்தது கஸ்பா பேட்டை. சிவாஜியின் தாய் ஜீஜாபாயின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கஸ்பா கணபதி இங்கேதான் இருக்கிறார். ஊர்த்தெய்வம் அவர்தான். விநாயகர் ஊர்வலத்தில் எத்தனை பெரிய சிலைகள் வந்தாலும், முதலில் கரைக்கப்படும் உரிமை இந்தக் கணபதிக்கே.

கஸ்பா பேட்டையின் சந்துகள் தொழில்களால் பெயர் பெற்றவை. குயவர்களுக்குக் கும்பார்வாடா, மூங்கில் முடைவோருக்குப் புரூட் ஆளி, செம்புக் கன்னாருக்குத் தாம்பட் ஆளி. தாம்பட் ஆளியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். சம்மட்டிச் சத்தம் வழிகாட்டும். மராட்டிய அரசின் பிரதம அமைச்சர்களான பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே அண்டா, குடம், வெந்நீர்க் கொப்பரை ஆகியவற்றைக் கையாலேயே அடித்து முடிக்கிறார்கள். பாத்திரத்தின் மேல் வரிசை வரிசையாக விழும் புள்ளிகளுக்கு மட்டார்காம் என்று பெயர். அவை அழகுக்கு மட்டும் போடப்படுவதில்லை. அடி விழ விழ செம்பு இறுகி, மெல்லிய தகடும் பாரம் தாங்கும் உறுதி பெறுகிறது. இங்கே நின்று பார்ப்பவரை யாரும் விரட்டுவதில்லை. கேள்வி கேட்டால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்பவர்களும் உண்டு. ஆனால் உலை சூடாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் காத்திருப்பதே மரியாதை.

ஷனிவார் வாடாவைப் பார்க்க வருகிறவர்கள் மாளிகையைத் தேடி ஏமாறுகிறார்கள். 1730-இல் பேஷ்வா முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டிய அந்த அரண்மனை 1828-இல் தீக்கிரையானது. கோட்டைச் சுவரும், வாசல்களும், அடித்தளங்களும், நீரூற்றுத் தொட்டிகளும்தான் மிச்சம். வடக்கு நோக்கிய தில்லி வாசலின் கதவில் யானை முட்டாதிருக்க அடித்த இரும்பு முட்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள லால் மஹால், சிவாஜி சிறுவனாக வளர்ந்த வீடு நின்ற இடத்தின் நினைவாக 1980-களில் மாநகராட்சி எழுப்பிய புதுக்கட்டடம். 1663-இல் சிவாஜி முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானை இரவில் தாக்கியது அந்தப் பழைய வீட்டில்தான்.

அரசர்களின் கட்டடங்களைவிட, சாதாரணக் குடும்பங்களின் வாடாக்களே, அதாவது முற்றம் வைத்த பழைய வீடுகளே, புனேயைப் புரியவைக்கும். கருங்கல் அடித்தளம், தேக்குத் தூண்கள், செங்கல் சுவர், நடுவே வானம் தெரியும் முற்றம், அதில் துளசி மாடம். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் வாழ்ந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை பல பத்தாண்டுகள் ஏறாமலே நின்றது. பழுது பார்க்க உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. வாடாக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து அடுக்குமாடிகளாயின. 1961 ஜூலை 12-ஆம் தேதி பான்ஷெத் அணை உடைந்து வந்த வெள்ளம் ஆற்றோரப் பேட்டைகளில் ஏராளமான வீடுகளை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. பெண்களுக்காக 1848-இல் ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்திரிபாயும் பள்ளி தொடங்கிய பிடே வாடாவும், தக்டூஷேட் கணபதி கோயிலுக்கு எதிரே, கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் அதை இடித்தார்கள். இந்த நாட்டின் பெண்கல்வி வரலாற்றில் இத்தனை பெரிய இடம் அந்த நிலைக்கு வரும்வரை விடப்பட்டிருக்கக் கூடாது.

வழி கேட்கும்போதுதான் ஊர் வாய் திறக்கும். புனேக்காரர்கள் தெருப்பெயரைவிடக் கோயில் பெயரால்தான் வழி சொல்வார்கள், அந்தப் பெயர்களோ வேறெங்கும் கேட்காதவை. தங்க நகைக் கடைகளின் பக்கத்தில் இருப்பவர் சோன்யா மாருதி, அதாவது தங்க அனுமார். போர்வை விற்ற இடத்தில் இருப்பவர் பாசோட்யா விட்டோபா. ஜிலேபியின் பெயரில் ஜில்ப்யா மாருதி, பட்டினி கிடப்பவர் என்ற பெயரில் உபாஷி விட்டோபா. மராட்டி தெரியாதவருக்கு இந்தி போதும். பெரியவரைக் 'காகா' என்றும், காய்கறி விற்கும் அம்மாளை 'மாவ்ஷி' என்றும், வயதொத்தவரைத் 'தாதா', 'தாயீ' என்றும் அழைத்துவிட்டுக் கேட்டால் பதில் இன்னும் நீளமாக வரும். பாதி வழி கூடவே வந்து விட்டுப் போவதும் உண்டு.

புனேக்காரர்கள் கறாரானவர்கள் என்று மகாராஷ்டிரம் முழுக்கப் பெயர். வாசலில் வண்டி நிறுத்தாதே, மதியம் மணி அடிக்காதே, இங்கே முகவரி விசாரிக்காதே என்றெல்லாம் வீட்டுக் கதவுகளில் எழுதி மாட்டுவார்கள். அவற்றுக்குப் 'புணேரி பாட்டி' என்று பெயரே உண்டு. பழைய குடும்பக் கடைகள் பல மதியம் 1 மணிக்குச் சாத்தி 4 மணிக்குத் திறந்தன. சில இன்றும் அப்படியே. இதை வெறுப்பென்று எடுத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர் தவறு செய்கிறார். எது கூடாது என்று முன்பே சொல்லிவிடுவதும் ஒருவகை நேர்மை. நேரமறிந்து போகிறவருக்கு அதே கதவு திறக்கிறது.

மதியத்தைக் கழிக்க மண்டை சரியான இடம். எண்கோணக் கோபுரத்தோடு 1886-இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தைக்கு முதலில் ஆளுநர் ரே பிரபுவின் பெயர் இருந்தது. இப்போது மகாத்மா ஃபுலே மண்டை. நகராட்சி உறுப்பினராக இருந்தபோது இந்தக் கட்டடச் செலவை எதிர்த்து, பணம் கல்விக்குப் போக வேண்டும் என்று வாதிட்டவர் ஃபுலே. அருகே துளசிபாக் ராமர் கோயில். சுற்றிலும் வளையலும் பித்தளைச் சாமானும் விற்கும் சிறுகடைகள். களைத்தவர்களுக்கு 'அம்ருத்துல்யா' தேநீர்க்கடைகள் உண்டு. ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கியவை. பித்தளைப் பாத்திரத்தில் பாலும் ஏலமும் இஞ்சியும் சேர்ந்து கொதிக்கும். கடைவாசலில் நின்றே பலர் குடிப்பதால் அறியாதவர்களும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

நடப்பதற்கு இடைஞ்சல் இருசக்கர வாகனங்கள்தான். நடைபாதையிலும் ஏறி வரும். இதற்கு மாற்றாக 2021 டிசம்பர் 11 அன்று லக்ஷ்மி சாலையின் ஒரு பகுதியை மாநகராட்சி வண்டிகளுக்கு மூடி, பாதசாரிகள் தினம் கொண்டாடியது.

ஆனால் நடந்து வருகிறவர்களைப் புனே வரவேற்கும் உண்மையான நாள்கள் வேறு. பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஆளந்தியிலிருந்து பக்திக் கவிஞர் ஞானேஸ்வரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து பக்திக் கவிஞர் துக்காராமின் பல்லக்கும் பண்டரிபுரத்துக்குப் புறப்படுகின்றன. சுமார் 250 கி.மீ. தொலைவை மூன்று வாரம் நடந்து கடக்கும் வாரகரிகள் என்னும் யாத்திரிகர்கள் லட்சக்கணக்கில் புனேக்குள் நுழைகிறார்கள். ஞானேஸ்வர் பல்லக்கு பவானி பேட்டையிலும், துக்காராம் பல்லக்கு நானா பேட்டை நிவ்டுங்க்யா விட்டோபா கோயிலிலும் இரண்டு இரவு தங்கும். அந்த நாள்களில் பள்ளிகளும் வீட்டு முற்றங்களும் விடுதிகளாகின்றன. சோறு போடுகிறார்கள், கால் பிடித்துவிடுகிறார்கள், நாவிதர்கள் இலவசமாகச் சவரம் செய்கிறார்கள், செருப்புத் தைப்பவர்கள் அறுந்த வாரைக் காசு வாங்காமல் ஒட்டித் தருகிறார்கள். வந்தவர் யார், எந்தச் சாதி என்று விசாரிக்காமல் எல்லோரையும் 'மாவுலி', அதாவது தாயே, என்று அழைக்கிறார்கள். ஊர் பார்க்க வந்த வெளிநாட்டவரும் கூட்டத்தில் நின்றால் அவருக்கும் அதே பெயர்தான், அதே சாப்பாட்டுத் தட்டுதான். மூன்றாம் நாள் காலையில் ஒரு பல்லக்கு திவே மலைப்பாதை ஏறி ஸாஸ்வடுக்கும், மற்றொன்று லோணி காள்போருக்கும் புறப்பட்டுவிடும்.