பழுது அட்டையிலா, மின்சாரத்திலா?

நம் வீடுகளுக்குள் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த பொருள்களுள், வாங்கும்போது பெரும் பணத்தையும் பழுதுபட்டால் பெருங் குழப்பத்தையும் தருவது பிள்ளைகளின் விளையாட்டுக் கணனியே எனலாம். குளிர்சாதனப் பெட்டி பழுதானால் அது குளிர்விக்காது. காரணம் தெரியாவிட்டாலும் பழுதாவது தெரிகிறது. விளையாட்டுக் கணனியோ அப்படிப்பட்டதன்று. காலையில் பாடக் குறிப்புகளை எழுதும்போது யாதொரு குற்றமுமின்றி இயங்கும். மாலையில் விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகுமுன் திரை கறுத்துவிடும்; சில வேளைகளில் யந்திரம் முழுவதுமே அணைந்து தானாக மீண்டும் உயிர்பெறும்.

இத்தகைய வேளையில் வீட்டிலும் கடையிலும் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றேதான்: "கிராபிக்ஸ் அட்டை போய்விட்டது." திரையிலே காட்சிகளை வரையும் வேலையைச் செய்வது அவ்வட்டையாதலால், திரை கறுத்ததும் பழி அதன்மேல் விழுவது இயல்பே. ஆனால் டொலரிலே விலை பேசப்படும் இவ்வட்டைகள், 2022ஆம் ஆண்டில் நமது ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர், நடுத்தரக் குடும்பமொன்று எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்க பொருளாக இல்லை. நல்ல அட்டையைக் கழற்றி அற்ப விலைக்கு விற்றுவிட்டு, கடன்பட்டுப் புதியதொன்றை வாங்கிப் பொருத்தியபின், அதே மாலையில் அதே விளையாட்டிலே அதுவும் அணைந்துபோவதைக் கண்டு கலங்கி நிற்போர் உளர். ஆகவே பணப்பையைத் திறக்குமுன் பழுது எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு நாமே ஆராய்ந்து அறிதல் நன்று.

முதலில் இந்த அட்டைக்கு மின்சாரம் போகும் வழியைப் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணனிக்குள் இருக்கும் பவர் சப்ளை என்னும் பெட்டி 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அட்டை செருகப்படும் துவாரத்தின் வழியாக 75 வாட் வரையிலேயே பெறலாம். அதற்கு மேல் வேண்டியதைத் தனி வயர்கள் கொண்டுவர வேண்டும். ஆறு ஊசிகளையுடைய இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு ஊசிகளையுடைய இணைப்பு 150 வாட்டுக்கும் விதிக்கப்பட்டவை. 2022இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டை 450 வாட் கொள்வது. 12 வோல்ட்டிலே 450 வாட் என்றால் முப்பத்தேழரை அம்பியர் மின்னோட்டம் ஆகிறது. 2000 வாட் மின்சாரக் கேத்தல் ஒன்று தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போதுகூட நம் சுவர்ச் செருகியிலிருந்து ஒன்பது அம்பியருக்குக் குறைவாகவே பெறுகிறது. இத்துணை மின்னோட்டத்தை மெல்லிய வயர்கள் சிலவற்றின் மூலம் அனுப்பும்போது, தளர்ந்த ஓர் இணைப்பும் பெருந் தொல்லையாக மாறுவதில் வியப்பில்லை.

இனி, கணனி விழும் விதத்தை அவதானிக்க வேண்டும். வைத்தியர் காய்ச்சலின் போக்கை வினவுவது போன்றதே இது. யந்திரம் முழுவதும், விளக்கை அணைத்தாற்போல ஒரு கணத்தில் அணைந்தால், அல்லது எவ்வித அறிவித்தலுமின்றி மீண்டும் தொடங்கினால், முதற் சந்தேகம் மின்சாரத்தின் மீதே. திரை மட்டும் கறுத்து, பாட்டும் பேச்சும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டேயிருந்து, அட்டையின் விசிறிகள் பேரிரைச்சலுடன் சுழலத் தொடங்கினால், அட்டையையும் அதற்குச் செல்லும் வயரையும் பார்க்க வேண்டும். யந்திரம் நன்றாக இருக்க, விளையாட்டு மட்டும் மூடப்பட்டு முகப்புத் திரை தோன்றினால், அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள், கணனியின் நினைவகம், விளையாட்டின் கோப்புகள், அளவுக்கு மீறி உயர்த்திவைத்த வேகம் ஆகியவற்றிலே தேட வேண்டும். இப்பாகுபாடு எல்லா வேளையிலும் பிசகாத விதியன்று. எனினும் தேடலை எங்கே தொடங்குவது என்பதை இது சொல்லிவிடும்.

விண்டோஸ் தானும் ஒரு நாட்குறிப்பு எழுதி வருகிறது. 'இவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்தால் அதனைக் காணலாம். அங்கே 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவைக் கண்டதும் பலர் பவர் சப்ளை பழுது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். அப்பதிவின் பொருளோ, யந்திரம் முறையாக மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே. பிள்ளை கோபத்தில் சுவிச்சை அணைத்தாலும் அதே பதிவுதான் விழும். 4101 என்னும் இலக்கத்துடன் டிரைவர் பதிலளிக்காது நின்று மீண்டது என்று எழுதப்பட்டிருந்தால் அது வேறு கதை. அட்டை 2 விநாடிகளுக்குப் பதில் தராதிருந்தால் அதனைத் தட்டியெழுப்பும் ஏற்பாடு விஸ்டா காலம் முதல் விண்டோஸில் இருந்து வருகிறது. அந்த எழுப்புதலின் சுவடே இப்பதிவு.

இவ்விடத்தில் நம் நாட்டு வீடுகளுக்கே சிறப்பாக உரிய காரணமொன்றைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். மின்வெட்டுக்கு அஞ்சி நாம் கணனிக்கு முன்னால் யு.பி.எஸ். என்னும் பற்றரிப் பெட்டி ஒன்றை வைக்கிறோம். 2022இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கும், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உப மின்நிலையத்துட் புகுந்த குரங்கொன்றினால் நாடு முழுவதும் இருண்டதை மறவாதவர்களுக்கும் அது தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பெட்டியில் 650 என்று எழுதியிருப்பது வாட் அன்று, வி.ஏ. என்ற வேறோர் அளவு. அத்தகைய பெட்டி பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரையே தாங்கும். கடிதம் எழுதும்போது கணனி நூறு வாட் அளவிலே உண்டு அடங்கியிருக்கும்; யு.பி.எஸ். அமைதியாக இருக்கும். விளையாட்டுத் தொடங்கியதும் தேவை 450, 500 வாட் என ஏறுகிறது. மாலையில் அயல் வீடுகளிலெல்லாம் விளக்கும் விசிறியும் நீர்ப்பம்பியும் இயங்கும் வேளையில் மின்னழுத்தம் சற்றே தாழ, யு.பி.எஸ். பற்றரிக்கு மாற முயல்கிறது. சுமையைத் தாங்கமாட்டாது உடனே நிறுத்திக்கொள்கிறது. பார்ப்பவர்க்குக் கணனி தானாக அணைந்ததாகத் தோன்றும். எனக்குத் தெரிந்த வீடொன்றில் இக்காரணத்தை அறியாமல் இரண்டு மாதம் அல்லற்பட்டார்கள். கடைக்காரர் பவர் சப்ளையையும் மாற்றிக் கொடுத்தார், குற்றம் நீங்கவில்லை. ஒருநாள் பற்றரிப் பெட்டியை விலக்கிச் சுவரில் நேரே செருகினார்கள். அன்றிரவு முழுவதும் விளையாட்டு நிற்கவில்லை. (தாயாருக்கு அதுவும் ஒரு கவலையாயிற்று.)

இச்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. சுவர்ச் செருகியில் நேரே பொருத்துக. பல துவாரங்கள் கொண்ட மலிவான நீட்டு வயர்களை அப்புறப்படுத்துக. நில இணைப்புள்ள மூன்று ஊசிப் பிளக்கையே பாவிக்க.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் சீராக இருந்தால் அடுத்து நிற்பது பவர் சப்ளை. இங்கேதான் ஏமாற்றம் மிகுதி. பெட்டியின் மேல் 650 வாட் என்று பெரிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டுப் பக்கத்திலே ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 54 அம்பியர் என்றிருந்தால் பெருக்கி 648 வாட் வருகிறது, சொல் உண்மை. 30 அம்பியர் என்றிருந்தால் 360 வாட்டே. மிகுதி அட்டைக்குப் பயன்படாத வரிகளில் இருக்கிறது. '80 பிளஸ்' என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கே சான்று. சுமையேறும்போது பெட்டி தளராது நிற்கும் என்பதற்கு உறுதிமொழியன்று.

அட்டவணை சரியாக இருந்தும் கணனி விழுவதுண்டு. காரணம், இக்கால அட்டைகள் மின்சாரத்தை ஒரே சீராகக் குடிப்பதில்லை. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்குத் தம் வழக்கமான அளவின் இரு மடங்கு வரையில் இழுக்க வல்லவை. சராசரி 320 வாட் என்று திரையில் காணும் அதே வேளையில் இத்திடீர் இழுப்பை உணர்ந்த பவர் சப்ளை, குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டதென்று கருதி, தன்னைக் காக்கும் பொருட்டு நின்றுவிடுகிறது. இத்தொல்லை பெருகியமையால், 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதியில், பெரிய பவர் சப்ளைகள் தம் அளவின் இரு மடங்குச் சுமையை நூறு மைக்ரோ விநாடிக்குத் தாங்கவேண்டும் என்று எழுதினர். பழைய பெட்டியோடு புதிய அட்டையைக் கூட்டும் வீடுகளில் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். என்விடியா தன் 3080 அட்டைக்கு 750 வாட் பெட்டியையும், 4090 அட்டைக்கு 850 வாட் பெட்டியையும் பரிந்துரைத்தது வீம்புக்கன்று.

இச்சந்தேகத்தைப் பரிசோதிக்க எளிய வழியுண்டு. 'ஆப்டர்பேர்னர்' போன்ற இலவச மென்பொருளால் அட்டையின் மின் எல்லையை நூற்றுக்கு எழுபதாகக் குறைத்து, விளையாட்டின் காட்சி வேகத்தையும் விநாடிக்கு அறுபதாகக் கட்டிவிடுங்கள். விழுதல் நின்றுவிட்டால் மின்சாரமோ உஷ்ணமோ காரணமாக இருத்தல் கூடும். இச்சோதனை குற்றவாளியைப் பிடித்துத் தராது; தேடவேண்டிய தெருவைக் காட்டும். அட்டைக்கு இரண்டு இணைப்புகள் வேண்டுமாயின், ஒரே வயரின் இரு கிளைகளைச் செருகாமல், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனி வயர்களை இழுத்துச் செருகிப் பாருங்கள். இது ஒன்றினாலேயே குணமடைந்த யந்திரங்கள் பல. உஷ்ணத்தைத் திரையிலேயே வாசித்து அறியலாம். மூடிய மேசைக்குள், சுவரோடு ஒட்ட வைத்த கணனி, நம் நாட்டுப் புழுக்கத்தில் தன் வெந்நீராவிக்கு நிகரான காற்றையே மீண்டும் சுவாசிக்கும். பக்கப் பலகையைக் கழற்றி, மேசைவிசிறியை எதிரே வைத்ததும் விழுதல் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

எல்லாம் மின்சாரமே என்றும் சொல்லிவிடலாகாது. 2020 செப்டெம்பரில் 3080 அட்டை வெளிவந்தபோது, வாங்கிய சில நாட்களிலேயே விளையாட்டுகள் மூடிப்போவதாக முறைப்பாடுகள் எழுந்தன. அட்டையின் பின்புறத்துச் சிறு கொள்ளளவிகளைக் குறித்துப் பெரிய விவாதம் மூண்டது. அம்மாத இறுதியிலேயே வந்த 456.55 இலக்க டிரைவர் பலருடைய தொல்லையைத் தணித்தது. அட்டையை மாற்றுமுன் டிரைவரை முற்றாக நீக்கிப் புதிதாக இட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னும் விசித்திரமானது 2024ஆம் ஆண்டின் கதை. பல விளையாட்டுகள் 'வீடியோ நினைவகம் போதாது' என்ற அறிவித்தலுடன் மூடின. வாசிக்கும் எவரும் அட்டையையே குறைகூறுவர். உண்மையில் குற்றம் இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகளில் இருந்தது. வேண்டியதற்கு மேலான மின்னழுத்தம் அவற்றுக்குச் செலுத்தப்பட்டு வந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஒகஸ்டில் திருத்தத்தை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகளால் நீட்டியது. அதற்குள் எத்தனை நல்ல அட்டைகள் குற்றமின்றிக் கழற்றப்பட்டனவோ! அத்தகைய செயலி உள்ளவர்கள் தாய்ப்பலகையின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தே தீரவேண்டும்.

அபாயம் பற்றியும் ஒரு சொல். 4090 அட்டையோடு வந்த பதினாறு ஊசி இணைப்பு 600 வாட் வரை கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது. 2022 ஒக்டோபரில் சில வீடுகளில் அது உருகிக் கருகியது. ஆராய்ந்தபோது, முற்றாக உள்ளே செல்லாத செருகியே பொதுவான காரணமாகக் காணப்பட்டது. 2023இல் அவ்விணைப்பைத் திருத்தியமைத்தனர். ஆகவே இணைப்பை இறுதிவரை அழுத்துக. அதன் வாயருகே வயரைக் கூர்மையாக வளைக்க வேண்டாம். பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தால் அதற்குமேல் சோதனை வேண்டாம். சுவர்ச் சுவிச்சை அணைத்துவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும்.

அட்டையே உண்மையிற் கெட்டிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. விளையாட்டு இல்லாத வேளையிலும், கணனி தொடங்கும் முதல் எழுத்துகளிலேயே வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் சிதறித் தோன்றும். வேறொருவர் கணனியிலே பொருத்தினாலும் அக்குற்றம் கூடவே செல்லும். 2021 யூலையில் 'நியூ வேர்ல்ட்' என்னும் விளையாட்டின் பரீட்சார்த்தப் பதிப்பை ஆடும்போது சில 3090 அட்டைகள் அடியோடு செத்தன. அவற்றுட் சிலவற்றில் ஈயப்பற்று சரியாக இடப்படாமையே காரணம் என்று அவற்றைத் தயாரித்த ஈ.வீ.ஜீ.ஏ. நிறுவனம் பின்னர் கண்டு, மாற்று அட்டைகளை வழங்கியது.

அவ்வாறு திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், வெறுங் கையோடு கடைக்குச் செல்லாதீர்கள். எந்த நாளில், எந்த விளையாட்டில், எத்தனை நிமிஷத்தில், எவ்விதம் விழுந்தது, அப்போது உஷ்ணம் எவ்வளவு, யு.பி.எஸ். இல்லாமலும் தனி வயர்களோடும் பார்த்தபோது யாது நிகழ்ந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றொரு கணனியிலும் குற்றம் தோன்றியதாயின் அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வையுங்கள். பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். அட்டையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத் தாளை மட்டும் எவரும் சுரண்ட இடங்கொடாதீர்கள்; அது இல்லாத அட்டையை உத்தரவாதத்தின்கீழ் ஏற்பது அரிது.