கேட்கும் தொழில் – 9: மட்டிக் குலையும் மணிக்கணக்கும்

லைஃப் கோச் ஆவதற்கு நம் நாட்டில் லைசென்ஸ் கிடையாது, பலகை மாட்டினால் போதும், தொல்லையே அதுதான் என்று போன வாரம் முடித்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் என்ன பேசுவது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒரு விதி கண்ணில் பட்டு, என்னை விடமாட்டேன் என்கிறது.

வெளியூரிலும் மதிக்கிற சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் போவது ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பிடம். 1995-இல் அமெரிக்காவில் தொடங்கியது. (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை நினைவுக்கு வந்தால் உங்கள்மேல் தப்பில்லை. அங்கேயும் கோச்தான் செய்கிறார்கள்.) முதல் படிக்கு 60 மணி நேரப் படிப்பு. அதோடு, குறைந்தது 8 பேருடன் உட்கார்ந்து பேசிய 100 மணி நேரக் கணக்கு. அதில் 75 மணி நேரம் கூலி வாங்கியதாக இருக்கவேண்டும்.

என்ன கூலி? எவ்வளவும் இருக்கலாமாம். பண்டமாற்றும் செல்லுமாம்! ஒரு மட்டி வாழைக் குலையை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டால், அதையும் நோட்டில் ஏற்றலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாயிற்றே, யார் குறை சொல்வார்கள்?

நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதா? கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுப்பு. தச்சருக்கும் கொல்லருக்கும் முடி திருத்துபவருக்கும் களத்திலேயே நெல்தான் கூலி. முடி திருத்த வந்தவர் எத்தனை தாத்தாக்களின் மனக்குறையைக் கேட்டிருப்பார்! எதை அடுத்த வீட்டில் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்காக அந்தக் காலத்தை நினைத்து நான் உருகப்போவதில்லை. நெல் அளக்கும் மரக்கால், நிலம் வைத்திருந்தவர் கையில் இருந்தது. ஒரு படி கூடக் கேட்க வாய் வராது.

ஆகவே மட்டி வாங்குங்கள், தேங்காய் வாங்குங்கள், உங்கள் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எதற்கு எத்தனை அமர்வு என்பதை உட்காரும் முன்பே நீங்கள் சொல்லிவிடவேண்டும். "அது கெடக்கட்டும் மக்கா, பொறவு பாத்துக்கலாம்" என்பவரிடம் கட்டாயம். இலவசம் என்றால், ஏழு மணிக்கு வரவேண்டியவர் கோட்டாறு சந்தைக்குப் போய்விட்டு ஒன்பதுக்கு வருவார். குலை கொடுத்தவர் ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்பார்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் வராது. உறக்கமே இல்லை, செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நோட்டை மூடிவிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கையில் கொடுங்கள். இலவசம்தான், எந்நேரமும் எடுப்பார்கள்.

முதல் அமர்வா? பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் முறைக்கிறார். அடுத்த வாரம் உறுதி. அதுவரை வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ சாயாக்கடையிலோ யாராவது சொந்தக் கதையை எடுத்தால், "நானா இருந்தா..." என்று ஆரம்பிக்காமல் கடைசிவரை கேட்டுப் பாருங்கள்.