குழந்தைப்பருவத் துயரும் வாழிடமும்: போதைப் பழக்க ஆய்வில் ஒரு விடுபாடு

குழந்தைப்பருவத் துயரங்களுக்கும் பிற்காலப் போதைப் பழக்கத்திற்கும் உள்ள தொடர்பை வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துயரங்களுக்கு உள்ளானோரிடம் குடிநோய், போதைப்பொருள் பயன்பாடு, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் இடர் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. இது குழுவுக்குரிய கணக்கு, தனியொருவரின் தலையெழுத்தன்று.

அவ்வாய்வின் ஏழு வகைகளும் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையையும் குடும்பத்தின் நிலையையும் மட்டுமே வினவின, தெருவை வினவவில்லை. சான் டியாகோவில் மருத்துவக் காப்பீடு பெற்றிருந்தோரே அதில் பங்கேற்றனர் என்பதால் இவ்விடுபாடு வியப்பன்று. பின்னர் பிலடெல்பியாவில் நிகழ்ந்த ஆய்வு பாதுகாப்பற்ற சுற்றுப்புறம், பாகுபாடு, நேரிற்கண்ட வன்முறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

சென்னைக்கு இவ்விரிவும் போதாது. 2000 முதல் நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் மறுகுடியமர்த்தப்பட்டனர். கல்வியாண்டின் இடையிலும் நிகழ்ந்த வெளியேற்றங்களால் குழந்தைகள் பள்ளி, உறவு, விளையாட்டுத் தோழர் ஆகிய மூன்றையும் ஒருங்கே இழந்தனர். பெற்றோரின் வேலையிடம் தொலைவானதால் வீட்டில் பெரியோர் இல்லாத நேரமும் நீண்டது. புதிய முகவரியே வேலை தேடும் இளைஞருக்கு இழுக்காயிற்று. இவற்றுள் எதுவும் பெற்றோரின் கொடுமையன்று.

போதைப் பழக்கம் முதிர்வயதுவரை காத்திருப்பதுமில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வறிக்கையின்படி, முகர்ந்து போதையேற்றும் பொருள்களின் பயன்பாடு பெரியோரிடம் 0.58 விழுக்காடு, சிறாரிடமோ 1.17 விழுக்காடு.

வெளியேற்றமும் இடப்பெயர்வும் வினாநிரலில் இடம்பெறாதவரை, அன்பான பெற்றோரோடு பெரும்பாக்கத்திற்கு வந்த சிறுமியின் துயர்மதிப்பெண் சுழியம் என்றே பதிவாகும்.